எங்க எடத்துலதானே

கேட்டிருக்கவே வேண்டாம். கேட்டுத் தொலைத்தாயிற்று. ஏகாம்பரம் கார் நிறுத்துமிடத்தில் கைப்பேசியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னொரு தடவை பார்க்கக் கூடாது, பார்த்தால் அடுக்ககத்துக் குழுவில் யாரும் பதில் போட்டிருக்க மாட்டார்கள், பார்க்காமல் இருந்தால் ஒருவேளை போட்டிருப்பார்கள் என்று ஒரு நப்பாசை. எந்த வீட்டிலிருந்தோ சட்னி தாளிக்கிற வாசனை இறங்கி வந்தது. ஒருத்தர் செத்துப்போன காலையிலும் கடுகு வெடிக்கத்தான் செய்கிறது. அவர்களைச் சொல்லி என்ன, அவரே காப்பி குடித்த வாயோடுதான் நிற்கிறார். எதிர் வீட்டுத் திருஞானம் விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் போய்விட்டார் என்று மனைவி பத்மா எழுப்பிச் சொன்னபோது அழுகை வந்தது, அழுதார், பிறகு பழக்கதோஷத்தில் காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார். டம்ளரில் பாதி இருக்கும்போதுதான் திருஞானத்தின் மனைவி கோமதியம்மா வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. சாவு வீட்டுக்காரி அடுத்த வீட்டுப் படி ஏறக் கூடாது என்று அந்த நேரத்திலும் நினைப்பிருக்கிறது பாருங்கள். "அண்ணாச்சி, சங்கரன் போன் பண்ணினான். வண்டியில ஏத்தப் போறாங்களாம். ஒரு அரை மணி நேரம் இங்க வச்சிட்டு எடுத்துட்டுப் போயிரலாம்லா? மேல வேண்டாம், லிஃப்ட்டுல கொள்ளாது, தெரியும். கீழ, கார் வைக்கிற எடத்துல. எங்க எடத்துலதானே அண்ணாச்சி. யாருக்கும் எடைஞ்சல் இல்லாம." ஆகட்டும்மா என்று ஒரு வார்த்தை. நாக்கு புரண்டு அந்த ஒரு வார்த்தை வந்திருந்தால் போதும். வந்தது வேறு: "கமிட்டியில ஒரு வார்த்தை கேட்டுடறேம்மா." அந்த அம்மாவுக்கு அதில் வருத்தம்கூட இல்லை. கேளுங்க அண்ணாச்சி, கேட்டுக்கிடுங்க என்று நம்பிக்கையோடு திரும்பிப் போனார்.

நம்பிக்கைக்கு என்ன குறைச்சல். செயலாளர் தன் மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போயிருக்கிறார், போகும்போது நீலாம்பரி அடுக்ககத்தின் சாவிக்கொத்தை இணைச் செயலாளர் ஏகாம்பரத்திடம்தான் கொடுத்துவிட்டுப் போனார். மோட்டார் அறை, மொட்டை மாடி, பெரிய கேட். பெரிய கேட்டின் சாவி இப்போதும் சட்டைப் பையில் கனக்கிறது. வண்டி வந்தால் திறந்துவிட வேண்டியது, அவ்வளவுதான் வேலை. ஆனால் அறிவிப்புப் பலகையில், பால்கனியில் பாய் உதறக் கூடாது என்பதற்கும் லிஃப்ட்டில் சைக்கிள் ஏற்றக் கூடாது என்பதற்கும் நடுவில், வளாகத்துக்குள் பூதவுடல் வைக்க அனுமதி இல்லை என்று ஒரு வரி இருக்கிறது. எழுதியவர் ஏகாம்பரம். பிணம் என்றால் நன்றாக இருக்காது, சடலம் என்றால் போலீஸ்காரன் பேச்சு மாதிரி இருக்கும் என்று யோசித்து யோசித்துப் பூதவுடல் என்று போட்டார். மரியாதையாக இருக்கட்டுமே என்று. மரியாதையாம், மண்ணாங்கட்டி. சரி, சங்கம் என்று ஒன்று வேண்டாமா? மடிப்பாக்கமே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த பஞ்ச வருஷத்தில் லாரிக்காரனோடு தொண்டை கிழியக் கத்தித் தண்ணீர் இறக்கியது யார்? கீழ்த்தளத்தில் ஒருத்தன் சமையல் கேஸ் சிலிண்டரை அடுக்கி வைத்துக் கள்ள வியாபாரம் பண்ணியபோது கிளப்பிவிட்டது யார்? இத்தனை குடும்பம் ஒரே கூரையின் கீழ் இருந்தால் இது ஆகும், இது ஆகாது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். வேண்டும்தான். ஆனால் அந்த ஆளுக்குத் தண்ணீர் லாரியோடு நிறுத்திக்கொள்ளத் தெரியாமல் போய்விடுகிறது. நடையில் செருப்பு ஸ்டாண்டு கூடாது என்றார், திருஞானம் மறுநாளே எடுத்துவிட்டார். படிக்கட்டில் பூந்தொட்டி கூடாது என்றார், கோமதியம்மா துளசித் தொட்டியைச் சமையலறை ஜன்னலுக்கு மாற்றினார், வெயில் படாமல் அது பட்டுப் போயிற்று. ஒரு வார்த்தை சொல்லவில்லை. திருஞானம் மட்டும் சாயங்காலம் மொட்டை மாடியில் கூட நடக்கும்போது, "ஆபீஸ்ல குடுக்காத நாற்காலிய இங்க புடிச்சிட்டீரு வே" என்று சிரிப்பார். உண்மை என்பதால் கொஞ்சம் உறைக்கும். ஆனாலும் ஏகாம்பரமும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

எங்க எடத்துலதானே. அந்த இடத்தில் இப்போது நிற்பது ஏகாம்பரத்தின் ஸ்கூட்டர், அவருடைய இடத்தைக் கார் அடைத்துக்கொண்டிருக்கிறது. கண் ஆபரேஷனுக்கு அப்புறம் திருஞானம் காரை விற்றுவிட்டார், சும்மா கெடக்க எடம்தான, நீரு வச்சுக்கிடும் என்றார். அடுத்தவர் இடத்தில் வண்டி நிறுத்தக் கூடாது என்றும் பலகையில் ஒரு வரி உண்டு. அதையும் எழுதியது யார் என்று கேட்க வேண்டாம். முடிவு எதுவானாலும் ஆகட்டும், இதை முதலில் எடுத்துவிடலாம் என்று ஹேண்டிலைப் பிடித்தார். பூட்டியிருந்தது. சாவி மேலே. மேலே போனால் பத்மா இருப்பாள். பத்மாவுக்கு முகம் கொடுக்க முடியாது. சற்றுமுன் கோமதியம்மா வீட்டுக்கும் தன் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தவள், அவர் கைப்பேசியில் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருப்பதை நின்று பார்த்துவிட்டு, "இதுக்குப் போய் ஊரைக் கூட்டிக் கேக்கறீங்களா? கேட்டைத் திறந்து வைப்பீங்களா, அதை விட்டுட்டு" என்றாள். அப்படியில்லை பத்மா, முறைன்னு ஒண்ணு இருக்கு என்றார். அதற்குள் அவள் கோமதியம்மா வீட்டுக்குள் போய்விட்டாள். பின்சக்கரத்தைத் தூக்கித் தூக்கி நகர்த்திவிடலாம் என்று குனிந்தபோது இடுப்பில் சுருக்கென்றது. அப்போது இன்னொரு கை வந்து சீட்டுக்குக் கீழே பிடித்தது. முதல் மாடி மாலினி. ஆபீஸ் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவள். ஐயோ, இவளா. இந்தக் கட்டிடத்தில் இந்த நேரத்தில் இந்த இடத்தில் வந்து கை கொடுக்க வேறு ஆளே இல்லையா. இருவருமாகத் தூக்கித் தூண் ஓரமாகத் தள்ளினார்கள். கையைத் தட்டிக்கொண்டே அவள், "இங்கயா சார் வைக்கப் போறீங்க?" என்று கேட்டாள். "இன்னும் முடிவாகலைம்மா. குரூப்ல கேட்டிருக்கேன்." பார்த்தேன் என்பதுபோலத் தலையை ஆட்டினாள். பிறகு கம்பிக் கதவு வழியாக வெளியே மதில் சுவரைப் பார்த்தாள். "அங்க வெயில் அடிக்கும் சார்" என்றாள். குத்திக் காட்டுகிற குரலில்லை, தெரிந்த விஷயத்தைச் சொல்கிற குரல். சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.

குத்திக் காட்டியிருந்தால் தேவலை. போன மழைக்காலத்துக்கு அப்புறம் பைக் விபத்தில் போனானே அவள் புருஷன், முப்பது தாண்டாத பையன், அவனை மதில் சுவருக்கு வெளியே, டிரான்ஸ்பார்மர் பக்கத்தில், வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்துத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அவளுடைய அப்பா வந்து ஏகாம்பரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, அஞ்சு நிமிஷம் சார், பையனப் பெத்தவ வந்திருக்கா என்றார். ஏகாம்பரம் அதட்டவில்லை, அதட்டுகிற ஆள் இல்லை அவர். பலகையைக் காட்டினார். ரொம்பத் தன்மையாகக் காட்டினார். அந்தத் தாய் வண்டியின் படியில் ஏற முடியாமல் ஏறியதும், வெயிலில் அவள் நிழல்கூட அவளுக்கு உதவாமல் காலடியில் கிடந்ததும், பால்கனிகளில் தலைகள் முளைத்ததும், தான் கேட்டுக்கு இந்தப் பக்கம் கைகூப்பி நின்றதும். கேட்டுக்கு இந்தப் பக்கம். வெளியே போய் நின்றிருந்தாலும் ஒரு இது. மாலினிக்கு இல்லை என்ற ஒன்றை இன்று கோமதியம்மாவுக்கு உண்டு என்று சொன்னால் நாளைக்கு அவள் முகத்தில் எப்படி விழிப்பது? நண்பன் என்றால் ஒரு நியாயம், ஊரான் என்றால் ஒரு நியாயமா? இதுதான் காரணம், நியாயத்துக்காகத்தான் கேட்டேன், கோழைத்தனத்தால் இல்லை என்று ஏகாம்பரம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது கேட்பதற்கு. ஆனால் அவளே வந்து வண்டியை நகர்த்திக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாளே, இனி அவள் பெயரைச் சொல்லி ஒளிந்துகொள்ளவும் முடியாது. மூலையில் கிடந்த துடைப்பத்தை எடுத்து அந்த இடத்தைப் பெருக்க ஆரம்பித்தார். காவலாளி தணிகாசலம் ஓடி வந்து, "குடுங்க சார், நான் பண்றேன்" என்றான். "இல்லப்பா, நீ கேட்டுல நில்லு." "வண்டி வந்தா தெறந்துடவா சார்?" "சொல்றேன்." எதைக் கேட்டாலும் சொல்றேன், பார்க்கறேன், கேட்கறேன். தரையில் பழைய எண்ணெய்க் கறை இருந்தது, திருஞானத்தின் கார் ஒழுகவிட்டது. எத்தனை பெருக்கினாலும் அது போகவில்லை.

பிள்ளைகள் பயப்படுகிறார்கள். பரீட்சைக் காலம். இதுதான் பூதவுடல் வரியைக் கொண்டுவந்த அன்று கூட்டத்தில் அவர் சொன்ன காரணம். யாருடைய பிள்ளை பயந்தது? எந்தப் பிள்ளையும் பயப்படவில்லை. இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்த லோகநாதனின் மாமியார் இறந்து, இதே கார் நிறுத்துமிடத்தில் ஐஸ் பெட்டியில் வைத்து, மேளமும் சங்கும் பூவுமாக இருந்த அன்றைக்குப் பார்த்து அவர் மகள் நிவேதாவைப் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். தள்ளிப் போடச் சொல்லலாம் என்றால் அவர்கள் பாதி வழி வந்தாயிற்று. பட்டுப் புடவையும் மல்லிகைப் பூவுமாக வந்தவர்கள் ஐஸ் பெட்டியைச் சுற்றிக்கொண்டு லிஃப்ட்டுக்குப் போனார்கள், மாப்பிள்ளையின் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள். கேசரி தின்றார்கள், பஜ்ஜி தின்றார்கள், ஊருக்குப் போய்ச் சொல்கிறோம் என்றார்கள். சரிப்படவில்லை. பெண்ணின் சம்பளம் பையன் சம்பளத்தைவிட ஜாஸ்தி, அதுதான் விஷயம் என்று தரகரே பின்னால் சொன்னார். ஆனால் ஏகாம்பரத்தின் மனசில் அந்த ஐஸ் பெட்டிதான் உட்கார்ந்துகொண்டது. நிவேதாவுக்கு அப்புறம் நல்ல இடமாகவே அமைந்தது, பெங்களூரில் சௌக்கியமாக இருக்கிறாள், ஐஸ் பெட்டி மட்டும் இறங்கவில்லை. கோபம் என்றால் வெளியே சொல்லிவிடலாம், பெண்ணைப் பெற்றவனின் அவமானத்தை எப்படிச் சொல்வது. அதனால் பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்றார். இதே இடத்தில்தான் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம். பாதிப் பேர் கை தூக்கினார்கள், பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். செயலாளர் எண்ணிப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு கை வேண்டுமே என்று எல்லோரையும் பார்த்தார். ஏகாம்பரம் பக்கத்தில் இருந்த திருஞானத்தை முழங்கையால் இடித்தார். "சும்மா தூக்குங்க, உங்களுக்கென்ன." திருஞானம் குனிந்து, "சாவு வராத வீடு கட்டியிருக்கானா வே இங்க?" என்று காதோடு கேட்டார். "எனக்காக ஒரு தடவை" என்றார் ஏகாம்பரம். அப்போதுதான் அந்தக் கை எழும்பியது. முழுசாக இல்லை. பள்ளிக்கூடத்தில் விடை தெரியாத பிள்ளை தூக்குமே, அந்த மாதிரி தோள் உயரத்துக்கு. செயலாளருக்கு அது போதுமாக இருந்தது. கூட்டம் முடிந்து நாற்காலியை அடுக்கும்போது திருஞானம், வாரும், காப்பி சாப்பிடலாம் என்று கூப்பிட்டார். அவ்வளவுதான், அதைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை. கோமதியம்மாவுக்குத் தெரியுமா, தன்னைத் தடுத்து நிற்பது தன் புருஷனின் கைதான் என்று? தெரிந்திருக்காது. வீட்டில் போய்ச் சொல்லியிருக்க மாட்டார். சொல்கிற மனுஷன் இல்லை.

பார்க்கக் கூடாது என்று இருந்தவர் பார்த்துவிட்டார். குழுவில் கூப்பிய கைகள் வரிசையாக விழுந்திருந்தன. ஆழ்ந்த இரங்கல். ஓம் சாந்தி. நல்ல மனிதர், நேற்றுகூட நினைத்தேன். யாரோ ஒருவர் எரியும் அகல் விளக்குப் படம் போட்டிருந்தார். அவர் கேட்ட கேள்வி மட்டும் அப்படியே அனாதையாகக் கிடந்தது: திருவாளர் திருஞானம் அவர்கள் இறைவனடி சேர்ந்தார், அன்னாரது பூதவுடலை அரை மணி நேரம் கார் நிறுத்துமிடத்தில் வைக்க அவரது துணைவியார் அனுமதி கோருகிறார், விதியைத் தளர்த்தலாமா, தங்கள் கருத்தைத் தெரிவிக்கவும். அன்னாரது! கூட நடந்த மனுஷனை அன்னார் ஆக்கியாயிற்று. ரிடையர் ஆகி இத்தனை வருஷம் ஆகியும் அந்த ஆபீஸ் கை போகவில்லை. மூன்றாம் மாடிக்காரர் ஒருத்தர் மட்டும் வாய் திறந்திருந்தார். ரூல் என்ன சொல்லுது சார்? அதற்குக் கீழே இன்னொருத்தி, எங்க பசங்களுக்கு ரிவிஷன் டெஸ்ட், பார்த்துப் பண்ணுங்க. தான் விதைத்த பொய் அடுத்தவர் வாயில் உண்மையாக முளைத்து வந்து நிற்கிறது. யாரோ எழுதுகிறார்கள் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. நின்றது. வேண்டாம் என்று சொல்ல ஒருத்தருக்கும் மனசில்லை, சரி என்று சொல்லவும் ஒருத்தருக்கும் துணிச்சலில்லை. எல்லோரும் ஏகாம்பரம்தான். கேட்டைத் திற என்று உள்ளுக்குள் எதுவோ சொன்னது. சாவி பையில்தான் இருக்கிறது, உனக்கு யார் அனுமதி தர வேண்டும், செத்துப்போனவன் உனக்காகக் கை தூக்கினான், நீ அவனுக்காகச் சாவியைத் திருப்ப மாட்டாயா. கோமதியம்மா ஆஸ்பத்திரியில் அவரைக் கண்ணாடி வழியாகத்தானே பார்த்தார். ஐ.சி.யூ.வுக்குள் விடவில்லை, நேற்று ராத்திரி கால் வீங்கிவிட்டது என்று மகன் சங்கரன்தான் வீட்டுக்கு அனுப்பிவைத்துவிட்டான். அவர்கள் வழக்கத்தில் பொம்பளைகள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. இங்கே வராவிட்டால் அந்த அம்மா அவரைத் தொடவே முடியாது. இது தெரியாமல் இல்லை ஏகாம்பரத்துக்கு. எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே கேட்டார். தணிகாசலத்தைக் கூப்பிட வாயெடுத்தார். கேட்டைத் திறந்து வைப்பா என்று சொல்ல வந்த வாய்தான்.

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது. திரையில் திருஞானம். மாமல்லபுரத்தில் கடலுக்கு முதுகு காட்டிக்கொண்டு திருஞானம் சிரிக்கிற படம், ஏகாம்பரமே எடுத்தது. ஒரு கணம் அவருக்கு எதுவுமே நடக்காதது போல இருந்தது. என்னவே, கீழ நின்னு என்ன பண்றீரு என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார். பிறகுதான் நினைவு வந்தது. திருஞானத்தின் கைப்பேசி மகன் கையில் இருக்கிறது. திருஞானமும் குழுவில் இருக்கிறார். தினமும் காலையில் பூப்படம் போட்டு வணக்கம் வைப்பவர், இல்லாமல் எப்படி. மொத்தமும் அங்கே போயிருக்கிறது, அன்னாரும் பூதவுடலும் அகல் விளக்கும் ரூல் என்ன சொல்லுதும். அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு பிள்ளை படித்திருக்கிறான். "அங்கிள், சங்கரன் பேசறேன். குரூப் பார்த்தேன். பரவாயில்ல அங்கிள், உங்களுக்குச் சங்கடம் வேண்டாம். நாங்க நேரா மயானத்துக்கே போயிடறோம். அங்க நேரம் குடுத்துட்டாங்க, வண்டி திரும்பிடுச்சு." "இல்லப்பா, நான் இப்பத்தான் கேட்டைத் திறக்கச் சொல்லலாம்னு." "பரவாயில்ல அங்கிள். அப்பா இருந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாங்க. ஏகாம்பரத்துக்குத் தொந்தரவு குடுக்காதேன்னு." பின்னால் வண்டியின் இரைச்சல் கேட்டது. "அம்மாகிட்ட நீங்க கொஞ்சம் பக்குவமா சொல்லிடுறீங்களா? எனக்கு முடியல." ஏகாம்பரம் சரிப்பா என்றார். திரும்பி வா என்று கத்தவில்லை. நான் சொல்றேன், எவன் என்ன கேட்டாலும் நான் பார்த்துக்கறேன் என்று சொல்லவில்லை. சரிப்பா என்றார். கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்தபோது முதலில் வந்தது என்ன தெரியுமா? நிம்மதி. அப்பாடா என்று ஒரு மூச்சு, மாலினிக்கும் பதில் சொல்ல வேண்டாம், மூன்றாம் மாடிக்கும் பதில் சொல்ல வேண்டாம் என்று. அந்த மூச்சு வெளியே வந்தபிறகுதான் அது என்ன மூச்சு என்று அவருக்கே உறைத்தது. வாயில் காப்பி கசந்தது.

லிஃப்ட் திறந்தது. கோமதியம்மா தனியாக வந்தார். ஒரு கையில் செம்பு, இன்னொரு கையில் மடித்த புது வேட்டி, கால் வீக்கத்தில் மெதுவாக அடியெடுத்து வைத்து வந்தார். வாய்க்கரிசிக்கு அரிசி எடுத்துக்கொண்டு பத்மா பின்னால் வருகிறாள் என்றார். ஸ்கூட்டர் தூண் ஓரம் நிற்பதைப் பார்த்தார். பெருக்கின தரையைப் பார்த்தார். முகத்தில் ஒரு தெளிச்சல் வந்தது, விடிந்ததிலிருந்து வராத தெளிச்சல். "பெருக்கியே வச்சிட்டியளா அண்ணாச்சி. நல்லா இருப்பிய. நீங்க பாத்துக்கிடுவியன்னு அவுக எப்பவும் சொல்லுவாக." இப்போது சொல்லிவிட வேண்டும். இப்போது, இந்த நொடியில். அம்மா, வண்டி வராது. நாலு வார்த்தைகூட இல்லை. உங்களைக் காரில் மயானத்துக்குக் கூட்டிப் போகிறேன், வழக்கம் கிடக்கட்டும், வாங்க என்று இழுத்துக்கொண்டு போகலாம். வேகமாக ஓட்டினால் நெருப்பு வைப்பதற்குள் போய்விடலாம். சொல் ஏகாம்பரம். கோமதியம்மா அந்த எண்ணெய்க் கறை மேல் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார். "தலை தெக்க இருக்கணும்லா. இத்தன வருசம் இருந்தும் இந்தக் கீழ்த்தளத்துல மட்டும் எனக்குத் தெசை புடிபடல. தெக்கு எது அண்ணாச்சி?" ஏகாம்பரத்தின் கை எழும்பியது. முழுசாக எழும்பவில்லை, தோள் உயரத்துக்கு வந்து நின்றது. மதில் சுவர்ப் பக்கம் காட்டியது. கோமதியம்மா அந்தப் பக்கமாகக் குனிந்து செம்புத் தண்ணீரைத் தெளித்தார், கறை மேலும் தெளித்தார். வெளியே தெருமுனையில் ஏதோ வண்டி திரும்புகிற சத்தம் கேட்டது. "வந்துட்டாவ போல" என்று நிமிர்ந்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, அந்த அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.